எண்ணெய் அண்ணையின் துவக்கு

நோர்வே எண்ணெயால் பிழைக்கும் நாடு. எந்த எண்ணெயால் என்பதில்தான் அரசாங்கத்துக்கும் எங்கள் எண்ணெய் அண்ணைக்கும் கருத்து வேறுபாடு. புருசெத் என்ற இடத்தில் எங்கள் மாடிக் கட்டடத்தில் கதவு கிறீச்சிட்டாலும் யாருடைய முழங்கால் கிறீச்சிட்டாலும் அண்ணை ஒரே போத்தலோடுதான் வருவார். தேங்காய் எண்ணெய். என் மனைவியின் தையல் இயந்திரம் அவருடைய வைத்தியத்துக்குப் பிறகு தைப்பதை நிறுத்திவிட்டது. வாசனை மட்டும் நன்றாக இருந்தது.

அவர் மரக்கிடங்கில் வேலை. கூட வேலை செய்யும் நோர்வேக்காரர்கள் பதினெட்டு வருடமாக அவரோடு காலை வணக்கத்தைத் தாண்டவில்லை. அவர்கள்தான் ஒருநாள், "எங்கள் எல்க் மான் வேட்டைக் குழுவில் ஓர் இடம் இருக்கிறது, வருகிறாயா?" என்று கேட்டுவிட்டார்கள். அன்று மாலை அண்ணை என் வீட்டுக்கு வந்து, தேநீரை ஆறவிட்டு, இதையே மூன்று தரம் சொன்னார்.

இடையில் ஒரு தடை இருந்தது. சுடும் பரீட்சை. நூறு மீற்றரிலிருந்து ஐந்து குண்டும் அட்டை மிருகத்தின் நெஞ்சில் பட வேண்டும். அண்ணை வாங்கிய பழைய துவக்கின் விசையோ கொஞ்சம் இறுக்கம்.

"திருத்துற ஆளிட்டைக் குடுங்கோ அண்ணை," என்றேன்.

"இதுக்குப் போய் ஆளோ தம்பி? வீட்டிலை எண்ணெய் இருக்கேக்கை?"

தாராளமாக விட்டார். சாமியறைப் பக்கம் துவக்கோடு வரக்கூடாது என்று அண்ணையின் மனைவி, எங்கள் அக்கா, கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், குண்டில்லாத துவக்கோடு குளியலறைக்குள் பயிற்சி நடந்தது. நிலத்துக்கடியில் சூடு ஓடும் குளியலறை அது.

"வெண்ணெய் மாதிரி இழுபடுது தம்பி!"

பரீட்சையன்று வெளியே நல்ல குளிர்காற்று. விசை அசையவே மாட்டேன் என்றது. அண்ணை பல்லைக் கடித்து இழுத்த இழுவையில் துவக்கு ஒரு பக்கம் போக, குண்டு பின்னாலிருந்த மண்மேட்டுக்குள் போனது. அட்டை எல்க் ஒரு கீறலும் இல்லாமல் நின்றது. வீட்டுக்கு வந்து இன்னும் எண்ணெய் விட்டார். குளியலறையில் மறுபடி வெண்ணெய். இரண்டாம் பரீட்சையிலும் தோல்வி.

"துவக்கிலை பிழையில்லை தம்பி. அவங்களைக் கண்டால் என்ரை விரல்தான் விறைக்குது. நான் வரேல்லை எண்டு சொல்லிப்போட்டு விடப்போறன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பதினெட்டு வருடம் காத்திருந்த அழைப்பை ஒரு விரலின் தலையில் கட்டிவிட்டுப் போவதா? கையைப் பிடித்து இழுக்காத குறையாக அவரைத் துவக்குத் திருத்துபவரிடம் கொண்டுபோனேன்.

அந்தக் கிழவர் ஒரு சின்னத் தராசை விசையில் கொளுவி இழுத்தார். முள்ளைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தார். பிறகு துவக்கைக் கழற்றி, உள்ளேயிருந்து ஒரு வெள்ளைக் கட்டியைச் சுரண்டி எடுத்து மணந்தார்.

"கொக்கோஸ்?" தேங்காயா என்றுதான் கேட்டார்.

நாங்கள் இருவரும் நிலத்தைப் பார்த்தோம். தலைக்கு வைக்கும் எண்ணெய்ப் போத்தலைத் தினமும் சுடுநீரில் நிற்கவைத்து இளக்கியே இந்த நாட்டில் வயது போன எங்களுக்கு, துவக்குக்குள்ளும் அது உறையும் என்று தோன்றவில்லை! கிழவர் கட்டியைத் துடைத்தெடுத்தார், விசையின் சுருள்வில்லைச் சரிசெய்தார், மறுபடி தராசை வைத்துப் பார்த்தார். அரை மணித்தியால வேலை.

மூன்றாம் பரீட்சையில் ஐந்துக்கு ஐந்து.

அண்ணை காட்டுக்குப் போய்ச் சேரும் முன்பே அந்தக் கட்டியின் கதை வேட்டைக் குழுவிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. எல்க்கைச் சுட்டது வேறு யாரோ. அண்ணை தன் பங்கு இறைச்சியோடு என் வாசலில் வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது.

"தம்பி, எனக்குப் பட்டப்பேர் வைச்சிட்டாங்கள்! 'கொக்கோஸ், வா, நெருப்படியிலை இரு' எண்டு கூப்பிட்டவங்கள்!"

எங்கள் கட்டடம் அவருக்கு எப்போதோ ஒரு பெயர் வைத்துவிட்டது என்பதை நான் சொல்லவில்லை. இப்போது கிடங்கில் அவர் கொக்கோஸ். சனி, ஞாயிறுகளில் அந்த ஆட்களோடுதான் காட்டில் நிற்கிறார். எங்கள் பக்கம் வருவது குறைந்துவிட்டது. என் வீட்டுக் கதவு ஒரு மாதமாகக் கிறீச்சிடுகிறது. நல்ல எண்ணெய் கடையில் இருக்கிறது. நான் வாங்கவில்லை. அண்ணை வரட்டும்.