ஒரே தாளில் இரண்டு கையெழுத்து

மருந்துக்கடைக்காரர் பேனா மூடியைக் கழற்றினார். தாளைப் பார்த்தார். மூடியை மறுபடி மாட்டினார்.

"கீழ இன்னொரு கோடு இருக்கே, அது யாருக்கு?"

"நாலாம் மாடி கண்டக்டர் அண்ணனுக்கு சார்," என்றான் லிஃப்ட் மெக்கானிக்.

"அந்தத் துரோகிக்கா? என் பேருக்கும் அவன் பேருக்கும் நடுவுல எவ்வளவு இடம் இருக்கு?"

"ஒரு அங்குலம்."

"பத்தாது."

அது குடியுரிமை விண்ணப்பம். மெக்கானிக் இந்த நாட்டுக்கு வந்து பதினாறு வருடம். அவன் நாட்டுப்பற்று உள்ளவன் என்று அவன் வசிக்கும் அதே கட்டடத்தில் குடியிருக்கும் குடிமக்கள் இருவர் ஒரே தாளில், ஒருவர் முன்னிலையில் மற்றவர் கையெழுத்திட வேண்டும். பாரபட்சம் வரக்கூடாது என்பதால் இருவரும் வேறு வேறு கட்சியாக இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். தவறினால் மனைவியையும், இங்கேயே பிறந்த மகளையும் கூட்டிக்கொண்டு வெளியேற வேண்டும்.

கண்டக்டர் தாராளமாகப் பேசினார். "உனக்குப் போடாம யாருக்குப் போடப்போறேன் தம்பி? ஆனா நான்தான் மேல. அந்த ஆள் கீழ."

மெக்கானிக் புதுத் தாள் வாங்கி மேல் கோட்டைக் கண்டக்டருக்கு ஒதுக்கினான்.

"நான் அஞ்சாம் மாடி, அவன் நாலாம் மாடி," என்றார் மருந்துக்கடைக்காரர். "நான் எப்படிப்பா அவனுக்குக் கீழ வருவேன்?"

மூன்றாவது தாளில் கோடுகளைப் பக்கம் பக்கமாகத் திருத்திப் போட்டான். அலுவலகத்தில் குமாஸ்தா அதைப் பார்த்தார். "அரசாங்கம் போட்ட கோட்டைத் திருத்துறது தனிக் குற்றம். உங்களைப் பார்த்தா பாவமா இருக்கு, அதனால கிழிச்சுப் போடுறேன்."

வீட்டில் மனைவி பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, பாப்பா ஸ்கூல் பையையும் கட்டிடவா?"

"இன்னும் மூணு நாள் இருக்கு."

"அவளுக்கு அந்த ஊர் பாஷை ஒரு வார்த்தை தெரியாது."

"எனக்கே பாதி மறந்துபோச்சு."

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் படிக்கட்டு முழுக்க சோப்புத் தண்ணீர் ஊற்றினான். கடை திறக்க மருந்துக்கடைக்காரர் லிஃப்டில் இறங்கினார். நான்காம் மாடியில் கதவு திறந்தது. டியூட்டிக்குக் கிளம்பிய கண்டக்டர் அவரைப் பார்த்து ஓரடி பின்வாங்கினார். படிக்கட்டைப் பார்த்தார். லிஃப்டிலேயே ஏறிவிட்டார்.

மெக்கானிக் மொட்டை மாடியில் மோட்டாரை நிறுத்தினான். வழுக்காமல் கைப்பிடியைப் பிடித்தபடி மூன்றாம் மாடிக்கு இறங்கி வந்து சாவி போட்டு வெளிக்கதவைத் திறந்தான். அவன் தலைக்கு மேலே இரண்டு ஜோடி செருப்புகள் தெரிந்தன.

"சரி பண்ண நேரம் ஆகும் சார்," என்றபடி இன்னொரு புதுத் தாளை இடுக்கில் நுழைத்தான். "சும்மாதானே நிக்கிறீங்க."

கால் மணி நேரம் கழித்து ஒரு கை தாளை உள்ளே இழுத்தது. உள்ளே சுவரெல்லாம் வரி வரியான தகடு. தாளை வைத்து எழுத இடம் கிடையாது.

"திரும்பு," என்றது மருந்துக்கடைக்காரரின் குரல்.

"எதுக்கு?"

"உன் முதுகுலதான் வச்சு எழுதணும்."

"எழுதிக்கோ. குத்தாம இருந்தா சரி."

பிறகு மருந்துக்கடைக்காரர் திரும்பி நின்றார். அவர் முதுகில் வைத்துக் கண்டக்டர் எழுதினார். யார் மேல், யார் கீழ் என்று இருவருமே கேட்கவில்லை. தாள் வெளியே வந்ததும் மெக்கானிக் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். மேலே போய் மோட்டாரை ஓடவிட்டான்; லிஃப்ட் மூன்றாம் மாடிக்கு இறங்கியது.

இருவரும் சேர்ந்து வெளியே வந்ததை லிஃப்டுக்கு எதிரே குடியிருக்கும் தையல்காரம்மா பார்த்துவிட்டார்.

புதன்கிழமை காலை இரண்டு கட்சி ஆபீஸிலும் ஒரே கேள்வி. "முக்கால் மணி நேரம் அவன்கூட உள்ள என்ன பேசினே?"

ஒன்றும் பேசவில்லை என்பதை யாரும் நம்பவில்லை. தான் துரோகி இல்லை என்று காட்ட இருவருக்கும் ஒரே வழிதான் இருந்தது. மருந்துக்கடைக்காரர் கண்டக்டர் மேல் புகார் கொடுத்தார். கண்டக்டர் மருந்துக்கடைக்காரர் மேல் கொடுத்தார். புதுச் சட்டப்படி, தேசத்துரோகப் புகார் வந்தால் விசாரணை முடியும்வரை குடியுரிமை நிறுத்திவைக்கப்படும்.

இரண்டு பக்கமும் தையல்காரம்மாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டன.

"நான் எதையும் பார்க்கலை. ஊசியில நூல் கோத்துட்டிருந்தேன்," என்றார் அவர்.

இரண்டு பக்கமும் அவர் மேல் புகார் கொடுத்தன. அவர் கோபத்தில் எதிர்வீட்டின் மேல் கொடுத்தார். எதிர்வீடு மேல்வீட்டின் மேல் கொடுத்தது. வியாழக்கிழமை மதியம் அலுவலகத்தில் புகார்ப் படிவம் தீர்ந்துபோனது.

மெக்கானிக் மேல் யாரும் கொடுக்கவில்லை. அவனிடம் பறிக்க எதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை குமாஸ்தா தாளை வெகுநேரம் பார்த்தார்.

"சாட்சிங்க ரெண்டு பேரும் இப்ப குடிமக்களே இல்லையே."

மெக்கானிக் கவுண்டரைப் பிடித்துக்கொண்டான். பெட்டிகளை வாசலுக்கு எடுத்துவரும்படி மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தான்.

"இருங்க. கையெழுத்து செவ்வாய்க்கிழமை. புகார் புதன்கிழமை." குமாஸ்தா விரல்விட்டு எண்ணினார். "செவ்வாய்க்கிழமை இருந்திருக்காங்க."

முத்திரை குத்தினார். சான்றிதழைத் தள்ளினார். "இனிமே இது உங்க நாடு. நல்லாப் பார்த்துக்குங்க."

மெக்கானிக்கிற்குச் சிரிப்பு வரவில்லை. சான்றிதழில் தன் பெயரை இரண்டு தடவை படித்தான். அது அவன் பெயர்தான்.

வாசலில் டோக்கன் கொடுக்கும் பியூன் அவனை நிறுத்தினார்.

"சார், உங்க கட்டடத்துல மிச்சம் பதினோரு வீட்டுக்காரங்களும் இப்பத்தான் வந்து வெளிய வரிசையில நிக்கிறாங்க. அங்க குடிமகன்னு இப்ப நீங்க ஒருத்தர்தானாம், நிறுத்தின குடியுரிமையைத் திரும்ப வாங்க ஒரு சாட்சிக் கையெழுத்து போதுமாம், அதை உங்ககிட்டதான் வாங்கணுமாம்; ஆனா நீங்க எந்தக் கட்சின்னு முதல்ல கேட்டுட்டு வரச் சொன்னாங்க."