நெத்திலியும் டேவிட்டின் லுங்கியும்

மனிதனாகப் பிறந்தவன் யார் மீது வேண்டுமானாலும் பொறாமைப்படலாம். மேலதிகாரி, மச்சான், எதிர்வீட்டுக்காரர் என்று நம் வசதிப்படி தேர்ந்தெடுக்கலாம். ஆனால் ஒரு லுங்கி மீது பொறாமைப்பட்டவன், எனக்குத் தெரிந்து, ராயபுரத்தில் நான் ஒருவன்தான். (புது லுங்கிகூட இல்லை. ஓரம் கிழிந்த நீலக் கட்டம்.)

எண்ணூர் போகிற சாலையில் கன்டெய்னர் லாரி இடித்து, முன்னங்கால் உடைந்து கிடந்த ஒரு செம்பட்டை நாயை, தெருநாய்களைக் காப்பாற்றும் குழு ஒன்று தூக்கிவந்து வைத்தியம் பார்த்தது. அவர்கள் காப்பகத்தில் இடமில்லை. நல்ல வீடு கிடைக்கும்வரை வைத்திருக்கச் சொல்லி, காசிமேட்டில் விசைப்படகில் வேலை செய்யும் டேவிட்டிடம் கொடுத்தார்கள். அப்போது மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையில் கட்டிக்கிடக்க, டேவிட் வீட்டில் சும்மா இருந்தார். இரண்டு மாதம் அவரும் நாயும் ஒரே பாயில் தூங்கினார்கள். ஒல்லியாக இருந்ததால் நெத்திலி என்று பெயர் வைத்ததும் அவர்தான். தடைக்காலம் முடிந்து படகு கிளம்பும்போது நாயை என்ன செய்வது?

அந்த நேரத்தில்தான் என் மனைவி ரீட்டா போனில் நெத்திலியின் படத்தைப் பார்த்தாள். எங்கள் மகள் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போனதிலிருந்து ரீட்டா வாஷிங் மெஷினோடு பேசிக்கொண்டிருந்தாள். "இது நம்ம வூட்டுக்கு வரணும்ங்க" என்றாள். நானும் சரியென்றேன். குழுவின் நிபந்தனை ஒன்றே ஒன்று: பதினைந்து நாள் கழித்து வந்து பார்ப்பார்கள், நாய் வீட்டோடு ஒட்டவில்லை என்றால் திரும்ப எடுத்துக்கொள்வார்கள்.

நாயைக் கொண்டுவந்து விட்ட டேவிட், கூடவே தன் லுங்கியையும் கொடுத்தார். "தொவைக்காம வையுங்கண்ணே. என் வாசம் இருந்தாத்தான் பயப்படாம தூங்குவான்."

நான் வாங்கிவைத்த மெத்தையை நெத்திலி மோந்துகூடப் பார்க்கவில்லை. லுங்கி மேல்தான் படுக்கை. ரீட்டாவிடம் இரண்டே நாளில் ஒட்டிக்கொண்டது. நான் கூப்பிட்டால் மட்டும், கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்க்கும். கடலுக்குப் போகுமுன் டேவிட் வீடியோ காலில் வந்தபோது, அவர் முகத்தை நக்குவதாக நினைத்து என் போனை நக்கியது. என் போனை! நடைக்குக் கூட்டிப்போவது நான், பேதியானபோது துடைத்தது நான், பாசம் மட்டும் காசிமேட்டுக்கா?

ஆறாம் நாள், ரீட்டா மாதா கோவிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, லுங்கியைத் துவைத்தேன். சும்மா துவைக்கவில்லை. சோப்புத்தூள், கிருமிநாசினி, சொட்டு நீலம், மறுபடி சோப்புத்தூள்.

நெத்திலி அதை மோந்து பார்த்துவிட்டு வாசற்கதவருகே போய் உட்கார்ந்தது. இரண்டு நாள் சாப்பிடவில்லை.

"இன்னாத்துக்குங்க தொவச்சீங்க?"

"கலீஜா இருந்துச்சு."

பொய். வயிற்றெரிச்சல். அது ரீட்டாவுக்கும் தெரியும். பிறகு அவள் ஊட்டிவிட்டு எப்படியோ சாப்பிட வைத்தாள், ஆனால் என் பக்கம் மட்டும் அது திரும்பவே இல்லை.

பதினான்காம் நாள் குழுவிலிருந்து திவ்யா என்ற பெண் போன் செய்தார். டேவிட்டின் படகு கரைக்கு வந்துவிட்டதாம், நாளைக்கு அவரும் கூட வருகிறாராம். நாய் அவரோடு போய்விட்டால் ரீட்டா என்னை மன்னிக்கவே மாட்டாள். யோசித்தேன். டேவிட்டிடம் இருப்பது என்ன, என்னிடம் இல்லாதது என்ன? மீன் வாசம்! நாயின் பெயரே நெத்திலி, இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பதினான்கு நாள் ஆகியிருக்கிறது!

மறுநாள் காலையில் பிளாஸ்டிக் கேனோடு மீன் மார்க்கெட்டுக்குப் போய், ஒரு மீன்கார அம்மாவிடம் மீன் கழுவிய தண்ணீரைக் கேட்டேன்.

"மீனு வேணாமா நைனா? தண்ணி மட்டும் போதுமா? உடம்பு கிடம்பு சரியில்லியா?"

அந்தத் தண்ணீரில் லுங்கியை ஊறவைத்து, பிழிந்து, இடுப்பில் கட்டிக்கொண்டேன். ரீட்டா சமையலறையில் வடை தட்டிக்கொண்டிருந்தாள். அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே வருவதற்குள் எங்கள் மதில்மேல் ஏழு பூனைகள் வந்துவிட்டன. நெத்திலி இரண்டு தும்மல் போட்டுவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. அழைப்பு மணி அடித்தது.

திவ்யா கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி நுழைந்தார். பின்னால் டேவிட். அக்கா பேத்தியின் ஞானஸ்நானத்திலிருந்து நேராக வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, பவுடர், சென்ட். மீன் வாசம் துளியும் இல்லை. நெத்திலி கட்டிலுக்கு அடியிலிருந்து பாய்ந்துவந்து அவர் மேல் விழுந்து, அழுகிற குரலில் ஊளையிட்டது.

டேவிட் நிமிர்ந்தார். "அண்ணே, இது என் லுங்கியாச்சே? இன்னாண்ணே இந்த நாத்தம் நாறுது?"

"உங்க வாசம்னா அதுக்குப் புடிக்கும்னு…"

"தடைக்காலத்துல ஏதுண்ணே மீன் வாசம்? ரெண்டு மாசமா நானே கோழி துன்னுகினு இருந்தேன்!"

பிறந்து வளர்ந்தது ராயபுரம். வருஷா வருஷம் தடைக்காலத்தில் மீன் கிடைக்கவில்லை என்று புலம்புகிறவன் நான். பொறாமை வந்தால் புத்தி எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு இதற்குமேல் சாட்சி வேண்டாம்.

ரீட்டாவின் கண் கலங்கிவிட்டது. திவ்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மேடம், வேணும்னா இவரை எங்கனா அனுப்பிடறேன். நாயை மட்டும் வுட்டுட்டுப் போங்க" என்றாள்.

அதற்குள் மதிலிலிருந்து ஒற்றைக்கண் கடுவன் பூனை ஒன்று குதித்து, திறந்திருந்த கதவு வழியாக வந்து, என் லுங்கியை நகத்தால் பற்றித் தொங்கியது. நகம் தொடைவரை இறங்கியது. நான் போட்ட கத்தலைத் தெருவே கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

அடுத்த நொடி நெத்திலி டேவிட்டின் காலடியிலிருந்து பாய்ந்தது. எனக்கும் பூனைக்கும் நடுவில் நின்று, எங்கள் வீட்டுக்கு வந்து முதல்முறையாகக் குரைத்தது. பூனை போன வழி தெரியவில்லை. நெத்திலி திரும்பி வந்து என் பாதத்தின் மேல் உட்கார்ந்துகொண்டது.

டேவிட்தான் சொன்னார்: "இங்கயே இருக்கட்டும் மேடம். நாய்க்கோசரம் மீன் தண்ணிய சுத்திக்கின ஆளை எங்க போயி தேடுவீங்க?"

அன்றிலிருந்து எங்கள் குடும்பம் இரண்டு கட்சி. நெத்திலி காப்பாற்றியது டேவிட்டின் லுங்கியைத்தான் என்பது ரீட்டா கட்சி. மகளும் மாப்பிள்ளையும் அதில்தான். காப்பாற்றியது என்னைத்தான் என்பது இன்னொரு கட்சி. அதில் நான் மட்டும். கிறிஸ்துமஸ் விருந்தில் யாரும் என்னை மோந்து பார்க்காமல் சாப்பிட உட்காருவதில்லை.

டேவிட் கரைக்கு வரும்போதெல்லாம் வீட்டுக்கு வருவார். நெத்திலி குதிக்கும், நான் சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டுவேன். போன மாதம் அவர் கிளம்பியபோது தெருமுனைவரை கூடவே போன நெத்திலி, அங்கே நின்றது. பிறகு யாரும் கூப்பிடாமலேயே திரும்பி எங்கள் வாசலை நோக்கி நடக்க ஆரம்பித்தது. டேவிட் "நெத்திலி" என்று ஒரு குரல் கொடுத்தார். அது வாலை ஆட்டியது, ஆனால் நடையை நிறுத்தவில்லை. அவர் முகம் போன போக்கை வாசலில் நின்று பார்த்தேன். அந்த எரிச்சல் எனக்கு நன்றாகப் பழக்கமானது. அவரிடம் போய் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் நாய் உள்ளே வர வழிவிட்டு, கதவைச் சாத்தினேன்.