செத்தவீட்டு அண்ணையின் கசெற்

பாரிசின் லா சப்பலில் அந்தக் காலத்தில் வாழ்ந்த தமிழர்களிலேயே பாட்டுக்கு மிக மெதுவாகத் தலையாட்டியவர் எங்கள் செத்தவீட்டு அண்ணைதான். எண்பதுகளில் ரூ பஜோல் தெருவில் ஒரே அறையில் அவரோடு நானும் மன்னார் அந்தோனியும் இருந்தோம். அண்ணைக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை; அவர் கேட்கும் பாட்டால் வந்த பட்டப்பெயரே நிலைத்துவிட்டது.

பாரிசுக்கு வருமுன் அவர் இங்கிலாந்தில் வாடகைக்கு இருந்த வீட்டின் மேல்மாடியில், ஒரு ராக் குழுவில் டிரம் அடிக்கும் வெள்ளைக்காரன் இருந்தான். பின்னாளில் டூம் மெட்டல் என்று பெயர் வைத்தார்களே, அந்த இழுவைச் சங்கீதம். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் தேநீர் போட்டுக் குடித்துவிடலாம். பாடுகிறவன் பாடமாட்டான், முனகுவான். எந்தக் கம்பனியும் அதை வெளியிடவில்லை. குழு கலைந்தபோது, எழும்பி ஓடாமல் கேட்ட ஒரே மனிதர் என்று மிச்சமிருந்த ஒரே கசெற்றை அண்ணையிடம் கொடுத்துவிட்டான்.

"உலகத்திலை இதுக்கு ஒரு ரசிகன்தான். அது நான்" என்பார் அண்ணை.

உணவகத்தில் கோப்பை கழுவுவதும் அந்தத் தாளத்தில்தான். முதலாளி கெஞ்சியும் வேகம் கூடவில்லை. ஒருமுறை கீழ்வீட்டுப் பிரெஞ்சுக் கிழவி, பாட்டைக் கேட்டு யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து, கறுப்பு உடுப்பும் பூங்கொத்துமாக வந்து அனுதாபம் சொன்னாள். அண்ணை பூவை வாங்கிக்கொண்டு, "மெர்சி மதாம்" என்று நன்றி சொல்லி, பாட்டின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்.

அப்போது நாங்கள் ஊருக்குக் கசெற்றில் பேசித்தான் அனுப்புவோம். ஊரில் எல்லோரும் கூடியிருந்து கேட்டுவிட்டு, அதை அழித்து அதே கசெற்றில் பதில் பேசி அனுப்புவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணை பாட்டுக் கேட்க உட்கார்ந்தால், பெட்டிக்குள்ளிருந்து, "அம்மா, நான் அந்தோனி பேசுறன். இஞ்சை சரியான குளிர்" என்று வந்தது.

"டேய், என்ரை கசெற் எங்கை?"

"அண்ணை... மாறி மன்னாருக்குப் போயிட்டுது."

அந்தோனியின் அம்மா அதில் வாயைத் திறந்து பதில் பேசினால், ஒரு முழுக் குழுவே இல்லாமல் போய்விடும். தடுக்க அந்த ஊரில் தொலைபேசியும் இல்லை. அண்ணை ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அந்தோனியைத் திட்டவும் இல்லை, அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. அவன் தேவாலயத்தில், தொலைந்ததைத் தேடித்தரும் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திக்கொண்டே இருந்தான்.

பல வாரம் கழித்துப் பொதி வந்தது. உள்ளே இரண்டு கசெற்றும் கொஞ்சம் வேர்க்கொம்பும், அதுதான் சுக்கு. முதலாவதைப் போட்டால் அம்மாவின் குரல். அண்ணை கண்ணை மூடிக்கொண்டார்.

"தம்பி, நீ அனுப்பினதை ஊரே கூடியிருந்து கடைசி மட்டும் கேட்டம். உன்ரை வேலையிடத்து மெசின் சத்தம்தான் கேக்குது. இடையிலை நீ காய்ச்சலிலை முனகுறாய். அதை அழிக்க மனம் வரேல்லை மோனை. சுவாமியாரிட்டை வேறை கசெற் வாங்கிப் பேசுறன். வேர்க்கொம்பு அவிச்சுக் குடி."

அண்ணை மற்றதைப் போட்டார். ஒரு அடி விழுந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். நெடுநேரம் கழித்து அடுத்த அடியும் விழுந்தது. அப்பாடா!

அண்ணை குழந்தைபோல அழுதார். "கடைசி மட்டும் கேட்டிருக்கினம், அந்தோனி. முழு ஊரும்!" என்றார். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அம்மாவுக்கு உடனை பேசி அனுப்பு, உனக்குக் காய்ச்சல் இல்லையெண்டு."

அன்று நாங்களும் அவருக்குப் பக்கத்தில் இருந்து இரண்டு பக்கமும் கேட்டோம். எனக்கு ஒரு பாட்டும் பிடிக்கவில்லை. அந்த மனிதரைத்தான் நிறையப் பிடித்துப்போயிற்று.