கான்கிரீட்டுக்கு உயிர்த்தண்ணீர்

மாமனார் வீட்டோடு தங்கிவிட்ட மாப்பிள்ளை வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், வேறு எதுவும் செய்ய வேண்டாம். களியும் கருவாட்டுக் குழம்பும் வேளைக்கு வந்துவிடும். எழுபதுகளின் தொடக்கத்தில் பாப்பாரப்பட்டிக்கு அந்தப் பக்கம் இருந்த என் மாமனாரின் தோட்டத்து வீட்டுக்கு நான் குடிவந்தபோது, அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்தேன்.

அதற்கு முன் பெங்களூரில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தேன். (ஏன் அங்கிருந்து வந்தேன் என்பதை அப்போது யாரும் கேட்கவில்லை. இப்போதும் கேட்காமல் இருந்தால் நல்லது.) அங்கிருந்து நான் சம்பாதித்துக்கொண்டு வந்தவை இரண்டு பேண்ட், கொஞ்சம் கன்னடம், அப்புறம் நம் ஊர்க்காரர்களுக்கு ஒன்றுமே தெரியாது என்ற ஞானம். அந்த ஞானத்தை இலவசமாகவே வழங்கி வந்தேன்.

திட்டம் என்னவோ நல்ல திட்டம்தான். சுற்றுவட்டாரக் கிணறுகளில் எல்லாம் அப்போதுதான் ஆயில் எஞ்சின் வந்துகொண்டிருந்தது. வந்த வேகத்திலேயே கெட்டும் போனது. ஒரு சின்ன உருப்படியைக் கடைய வேண்டும் என்றாலும் தருமபுரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். கிணற்றடியில் சும்மா கிடந்த மாட்டுக் கொட்டகையில் ஒரு லேத்தைப் போட்டு உட்கார்ந்துவிட்டால் நானும் ஒரு தொழிலாளி, ஏன், முதலாளி. என் மனைவி சரோஜாவுக்கும் தன் அக்கா வீட்டில் போய், ‘அவரு பட்டறை வெச்சிருக்காரு’ என்று ஒரு தடவையாவது சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. அதுவரை அக்கா வீட்டுப் பக்கமே அவள் போகவில்லை.

தருமபுரியில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த பாய் ஒருவர் எனக்காக ஒரு லேத்தை நிறுத்தி வைத்திருந்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்.

“மண் தரையில நிறுத்துனா மிஷின் சாஞ்சிடும் தம்பி. கான்கிரீட் தரை போடுங்க. நானே வந்து பார்ப்பேன். தரை சரியில்லன்னா மொரப்பூர்க்காரர் ஒருத்தர் கேட்டுட்டே இருக்காரு, அவருக்குக் குடுத்துடுவேன்.”

தரைக்குச் சிமெண்ட் வேண்டும். அந்தக் காலத்தில் சிமெண்ட் பெர்மிட்டில்தான் கிடைக்கும். எங்கள் வீட்டில் சிமெண்ட் இருந்தது, ஆனால் அது என்னுடையது இல்லை. மாமனார் தன் கிணற்று வாய்க்காலுக்குப் பூசுவதற்காக எழுதிப் போட்டு, தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்து வாங்கி அடுக்கி வைத்திருந்தார். அவருடையது செம்மண் வாய்க்கால். கிணற்றிலிருந்து இறைக்கும் தண்ணீரில் பாதியைத் தானே குடித்துவிட்டு மீதியைத்தான் மிளகாய்ச் செடிக்குக் கொடுக்கும். சிமெண்ட் வாய்க்காலில் தண்ணீர் பளபளவென்று ஓடுவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் வாழ்க்கை லட்சியம்.

சரோஜா போய் நின்றாள். “நைனா, வாய்க்காவ அடுத்த வருசம் பூசிக்கலாம். அவருக்குத் தரை போடணும். அந்தச் சிமெண்ட்டக் குடுங்க.”

மாமனார் வாய்க்காலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எது அதிகமாக ஒழுகும் என்று ஒப்பிட்டுப் பார்த்தாரோ என்னவோ. “எடுத்துக்கங்க மாப்ள” என்று மட்டும் சொன்னார்.

புத்தியுள்ளவனாக இருந்தால் அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வேலையைப் பார்த்திருப்பான். நான் பாடம் எடுக்க ஆரம்பித்தேன். கொத்தனாரைக் கூப்பிடலாமா என்று அவர் கேட்டதற்கு, “கொத்தனாருக்கு கான்கிரீட் ரேஷியோ தெரியாதுங்க மாமா” என்றேன். (எனக்குத் தெரியுமா என்று அவர் கேட்கவில்லை. பெரிய மனிதர்.) களி உருண்டையைத் தட்டில் வைத்துக்கொண்டு ஜல்லி, மணல், சிமெண்ட் என்று பிரித்துக் காட்டினேன். குழம்பைத் தண்ணீராக பாவித்துக்கொள்ளச் சொன்னேன். “சோத்துல ஏன் இவரு வூடு கட்டறாரு?” என்று சமையல்கட்டிலிருந்து அத்தையின் குரல் கேட்டது. அதையும் நான் ஆர்வம் என்றே எடுத்துக்கொண்டேன்.

கடைசியில் ஒரு நாள், விவசாயிக்குப் புரியும்படி சொல்கிறேன் பேர்வழி என்று அந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

“கான்கிரீட்டும் ஒரு பயிர் மாதிரிங்க மாமா. போட்டதோட வேலை முடியாது. தண்ணி வுடணும். குடிக்கக் குடிக்கத்தான் பலம் ஏறும்.”

“பயிர் மாதிரிங்களா?”

“பயிரேதான்.”

“எவ்ளோ தண்ணிங்க வுடலாம்?”

“எவ்ளோ வுட்டாலும் குடிக்கும்.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். என்ன ஒரு மாணவர் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. எப்போது விட வேண்டும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. போட்ட தரை நன்றாக இறுகிய பிறகுதான் தண்ணீரே காட்ட வேண்டும் என்பது எனக்கும் அரைகுறையாகத்தான் தெரியும்.

தரை போடும் நாளுக்கு முந்தின நாள், மாமனார் வாய்க்காலில் இறங்கிப் புல்லைச் செதுக்கி, மண்ணை இடித்து வழவழவென்று ஆக்கிக்கொண்டிருந்தார். இந்த வேலை இப்போது எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. சிமெண்ட் போன துக்கத்தை மண்வெட்டியால் ஆற்றிக்கொள்கிறார் என்று நினைத்து உச்சுக் கொட்டினேன்.

மறுநாள் விடிந்ததும் இரண்டு ஆட்களை வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். பேண்ட்டை மடித்து விட்டுக்கொண்டு, கையில் சிமெண்ட் பூசும் கரணையோடு, கை நீட்டிக் காட்டிக்கொண்டே இருந்தேன். மட்டம் பார்க்க ரசமட்டம் வைத்திருந்தேன். அதில் குமிழி நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாகவே போய் ஒதுங்கியது. ரசமட்டம் கெட்டுவிட்டது என்று முடிவு செய்து அதைத் தூக்கி ஓரமாக வைத்தேன். ரசமட்டம் நல்லபடியாகத்தான் இருந்தது. தரைதான் வாசல் பக்கம் சரிந்திருந்தது. வாசலுக்கு நேர் கீழேதான் வாய்க்கால்.

உச்சி வெயிலுக்குள் வேலை முடிந்தது. பார்ப்பதற்கு நிலா வெளிச்சம் விழுந்த ஏரி மாதிரி இருந்தது. அந்த அழகை பாயிடம் உடனே சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

“தரையைக் கொஞ்சம் பாத்துக்கங்க மாமா.”

“நீங்க போயிட்டு வாங்க மாப்ள. நம்ம பயிர நான் பாத்துக்கமாட்டனா?”

பஸ் பிடித்து தருமபுரிக்குப் போய், பாய்க்கு அரை மணி நேரம் கான்கிரீட் பற்றி விளக்கினேன். அவர் இரண்டு டீ வரவழைத்து இரண்டையும் தானே குடித்துவிட்டு, காலையில் வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

பொழுது சாயத் திரும்பி வந்து பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கும்போதே எங்கள் கிணற்று எஞ்சின் சத்தம் கேட்டது. முந்தின வாரம்தான் அதை நான் பிரித்துச் சரிசெய்து கொடுத்திருந்தேன். அதற்கு முன்னால் கால் மணி நேரம் ஓடினால் அரை மணி நேரம் ஓய்வெடுக்கும். அன்றைக்கு ஒரு இருமல் இல்லை, தும்மல் இல்லை. என் கைவண்ணத்தை நானே மெச்சிக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

கொட்டகைக்குள் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. மாமனார் எஞ்சின் குழாயை நேராகத் தரையின் மேல் திருப்பி விட்டிருந்தார். சாம்பல் நிறத்தில் தண்ணீர் வாசல் வழியாக இறங்கி வாய்க்காலில் போனது. வாசலில் என் தரையின் ஓரம் மண்வெட்டியால் அழகாக வெட்டப்பட்டிருந்தது. மாமனார் தலைப்பாகையோடு வரப்பில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

“உயிர்த்தண்ணி வுட்டுட்டேன் மாப்ள” என்றார்.

நாற்று நட்டதும் வேர் பிடிப்பதற்காக விடுகிற தண்ணீருக்கு அங்கே அதுதான் பெயர். அந்த வீட்டில் நான் பேசாமல் நின்ற முதல் சந்தர்ப்பம் அது.

“தண்ணி தேங்கி நின்னா வேர் அழுவிப் போவும்ல. அதான் ஒரு மடை வெட்டி உட்டேன்” என்று விளக்கமும் தந்தார். “யூரியா மட்டும் போடல. உங்களக் கேட்டுக்கிட்டுப் போடலாம்னு இருக்கேன்.”

ஓடிப் போய் எஞ்சினை நிறுத்தினேன். தரையில் ஜல்லி மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தது. என் கரணை கொட்டகையில் இல்லை. தேடிப் பார்த்தால் வாய்க்கால் ஓரத்தில் ஈரமாகக் கிடந்தது. அதையும் தண்ணீர் அடித்துக்கொண்டு வந்துவிட்டது என்று நினைத்தேன். இரும்புக் கரணை மிதந்து வருமா என்று யோசிக்கும் நிலையில் நான் இல்லை.

காலையில் பாய் வந்தார். கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். வெளியே வந்து, சாம்பல் நிறத் தடத்தைப் பிடித்துக்கொண்டே வாய்க்கால் வரைக்கும் போனார். செருப்புக் காலால் தட்டினார். டக் டக் என்றது. இன்னொரு இடத்தில் தட்டினார். அங்கேயும் டக் டக். அடியும் பக்கமும் சிமெண்ட் படிந்து, தேய்த்து விட்டாற்போல இறுகியிருந்தது.

“தரை இங்க நல்லா வந்திருக்கே தம்பி. மிஷின இங்கயே எறக்கிடலாங்களா?” என்றார்.

மாமனார் சிரிக்கவில்லை. அத்தை சிரித்தார். லேத் மொரப்பூருக்குப் போனது. கிணற்று மேட்டில் உட்கார்ந்து நான் அழுதேன். அதை எழுதினால் இருக்கிற மரியாதையும் போகும், ஆனாலும் அழுதது உண்மை. சரோஜா என்னோடும் பேசவில்லை, அவள் நைனாவோடும் பேசவில்லை. அக்கா வீட்டுக்குப் போவதற்கு எடுத்து வைத்த புடவையை மறுபடி பெட்டியில் வைத்தாள். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு ரொம்பவும் வலித்தது.

மாமனார் மட்டும் பக்கத்தில் வந்து ஆறுதல் சொன்னார். “வுடுங்க மாப்ள. மொத வெதைப்பு மொளைக்கலன்னா மறுவெதைப்பு போட்டுக்கலாம்.”

மறுவிதைப்பு அடுத்த வருடம் நடந்தது. மறுபடியும் வாய்க்காலுக்கு என்று அவரே எழுதிப் போட்டுச் சிமெண்ட் வாங்கிக் கொடுத்தார். இந்த முறை கொத்தனார் போட்டார், நான் வாயைத் திறக்கவில்லை. வேறொரு லேத் வந்தது, சரோஜாவும் அக்கா வீட்டுக்குப் போய் வந்தாள். மாமனார் சாகும் வரைக்கும் அந்த வாய்க்காலில் தண்ணீர் பளபளவென்றுதான் ஓடியது. அவர் வேண்டுமென்றே செய்தாரா என்று யார் கேட்டாலும், “மாப்ள பயிர்னு சொன்னாரு, பயிருக்கு இன்னா பண்ணுவாங்களோ அதப் பண்ணேன்” என்பார். நான் அதை நம்பினேன். வெகுகாலம் நம்பினேன்.

இப்போது எனக்கும் ஒரு மாப்பிள்ளை. ஓசூரில் என்ஜினீயர். போன வருடம் கார் நிறுத்துவதற்காக எங்கள் வாசலில் கான்கிரீட் போட்டார். சாப்பிடும்போது இட்லியைப் பிட்டு, “மாமா, உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன்” என்று ஆரம்பித்தார். மூன்று வேளையும் சொன்னார். தரையைப் போட்டுவிட்டு, “பார்த்துக்கோங்க மாமா” என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார். நான் வாசலைப் பார்த்தேன். ஈரம் காயாத புதுத்தரை. பக்கத்தில் மோட்டார் ரூம். நான் எதையும் நினைக்கவில்லை, கை தானாகப் போய் சுவிட்சைப் போட்டது.

மோட்டார் ஓடவில்லை.

திரும்பினால் சரோஜா நின்றுகொண்டிருந்தாள். முந்தானை நுனியில் ஃப்யூஸ் முடிந்திருந்தது.

“எங்க நைனா அன்னிக்கு எஞ்சின் ஹேண்டில எடுக்கறப்போ மூஞ்சி இப்படியேதான் இருந்துச்சு. மொளகாய்க்குத் தண்ணி கட்டப் போறாருன்னு வுட்டுட்டேன்” என்றாள்.

வாய்க்கால் ஓரத்தில் ஈரமாகக் கிடந்த கரணை அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

இப்போது எங்கள் உறவில் யார் வீட்டில் கட்டட வேலை நடந்தாலும், ஃப்யூஸைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் என்னைச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள்.