நாலு மணிக் கடல் காற்று

பேசிக்கொண்டிருக்கும்போதே காணாமல் போய்விடுகிற வியாதி எனக்கு உண்டு. உடம்பு அங்கேயேதான் இருக்கும், வாய்கூட அசையும், மனசு மட்டும் எங்கேயோ மிதந்துகொண்டிருக்கும். இந்த அழகில் இரண்டு வேலைகளைத் தொலைத்திருந்தேன். மூன்றாவதாகக் கிடைத்தது, திருவனந்தபுரத்தில் கடலை ஒட்டி இருந்த ஒரு பாயச ஃபேக்டரியில் தரக் கட்டுப்பாட்டு வேலை. பாலடைப் பாயசத்தை டின்னில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் சின்னக் கம்பெனி. முதல் ஆறு மாதம் ப்ரொபேஷன். ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டு வாசலில் நான் செருப்பை மாட்டும்போது அப்பா சொன்னார், “இதுவும் போச்சுன்னா பேசாம ஆத்துல உக்காந்து பேங்க் பரீட்சைக்குப் படி, கேட்டியோ.” கணக்குப் புத்தகத்தைப் பார்த்தாலே எனக்கு ஜன்னல் பக்கம் தலை திரும்பிவிடும். எப்பாடு பட்டாவது இந்த வேலையைக் காப்பாற்றிக்கொள்வது என்று தீர்மானித்தேன்.

அங்கே என் முதல் பெரிய காரியம், உணவுப் பாதுகாப்புத் திட்டத்தை ஊழியர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது. எந்த இடத்தில் ஆபத்து வரலாம், எது எல்லை, எல்லை மீறினால் என்ன செய்ய வேண்டும் என்று கட்டம் கட்டி ஆங்கிலத்தில் இருந்தது அது. டின் நிரப்பும் பிரிவில் எட்டுப் பெண்கள். எல்லாரும் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டக் குடும்பங்கள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். “தமிழ்ல எழுதி நல்லா ட்ரெயினிங் கொடுத்தா மதி, வேற ஒண்ணும் வேண்டாம். ஆறாவது மாசம் ஆடிட். அது பாஸானா குட்டிக்கு வேலை ஸ்திரம்” என்றார் மேனேஜர்.

எழுத உட்கார்ந்ததும் எனக்குள் ஒரு தமிழ்ப் புலவர் புகுந்துகொண்டார். ‘பாயசம் டின்னில் விழும்போது சூடு எண்பத்தைந்து டிகிரிக்குக் குறைந்தால், நிரப்பும் தொட்டியில் உள்ளதை உடனே கழிக்க வேண்டும்’ என்று எழுதினேன். கழிப்பது என்றால் வேண்டாததை ஒதுக்கித் தள்ளுவது. என்ன ஒரு கம்பீரமான சொல் என்று நானே மெய்மறந்து போனேன். (மலையாளத்தில் கழிப்பது என்றால் சாப்பிடுவது. அது உனக்குத் தெரியாதா என்று கேட்காதீர்கள். தினமும் மத்தியானம் அதே பெண்களிடம் “ஊணு கழிச்சோ அக்கா?” என்று விசாரித்தவளே நான்தான்.)

பயிற்சி நடந்த அறைக்குக் கீழே பாயசம் கொதித்துக்கொண்டிருந்தது. தகரக் கூரையில் மழை. ஏலக்காய் வாசனையோடு ஆவி மேலே வந்து, எதிரே இருந்த எட்டு முகங்களும் மேகத்துக்குள் இருப்பதுபோலத் தெரிந்தன. நான் பாதி வாக்கியத்தில் வழக்கம்போல மிதக்கத் தொடங்கினேன். பிரிவின் தலைவி செல்வி அக்கா கையைத் தூக்கியது நினைவிருக்கிறது.

“டீச்சரே, எல்லாத்தையும் நாங்களே கழிக்கணுமா? செக்யூரிட்டி அண்ணனுக்கும் கொஞ்சம் கொடுக்கலாமா?”

பொறுப்பைத் தட்டிக்கழிக்கப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். “யாருக்கும் கொடுக்கக் கூடாது. நீங்களேதான் கழிக்கணும். துளி மிச்சம் வைக்கக் கூடாது. கழிச்சதும் ஃபாரத்துல கையெழுத்துப் போடணும்” என்றேன்.

எட்டுப் பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “மனசிலாச்சு டீச்சரே” என்றார்கள். அவ்வளவு சந்தோஷமாக ஒரு பயிற்சியை ஏற்றுக்கொண்டவர்களை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

அடுத்த மாதங்கள் சொர்க்கம். ஃபாரங்கள் ஒரு நாள் விடாமல் நிரம்பின. கழிவுத் தொட்டி துடைத்து வைத்ததுபோல இருந்தது. ஒரே ஒரு விசித்திரம், சூடு தினமும் மாலை நாலு மணிக்குக் குறைந்தது. நான் அந்த நேரத்தில் மேற்கு ஜன்னலில் நிற்பேன். மழை விட்டிருக்கும், தென்னைகளுக்கு அப்பால் கடல் வெள்ளிபோலக் கிடக்கும், முகத்தில் ஜிலுஜிலுவென்று காற்று அடிக்கும். காரணம் எனக்குத் தானாகவே பிடிபட்டது. ‘மாலைக் கடல் காற்றினால் பாயசத்தின் வெப்பம் குறைதல்’ என்று இரண்டு பக்க அறிக்கை எழுதி மேனேஜரிடம் கொடுத்தேன். (என் முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று ஒரு நாளாவது திரும்பிப் பார்த்திருக்கலாம்.)

ஆடிட்டர் வந்தார். அதிர்ந்து பேசாத மனிதர், மூக்கு நுனியில் கண்ணாடி. காலை முழுக்கக் காகிதங்களைப் பார்த்துத் தலையசைத்தார். எனக்கு வேலை ஸ்திரமாகிவிட்டது என்றே நினைத்தேன். நாலு மணிக்கு நிரப்பும் பிரிவுக்குள் நுழைந்தோம். சரியாக அப்போது தெர்மாமீட்டர் எண்பத்துநாலு காட்டியது.

செல்வி அக்கா மணி அடித்தார். மெஷின் நின்றது. எட்டுப் பேரும் கையுறையைக் கழற்றி, நான் சொல்லிக் கொடுத்தபடி இருபது விநாடி கை கழுவினார்கள். ‘திருத்த நடவடிக்கைக் கருவிகள்’ என்று நானே எழுதி ஒட்டிய அலமாரியிலிருந்து எட்டு டம்ளர்கள் வெளியே வந்தன. தொட்டியிலிருந்து பாயசத்தை மொண்டு, ஆற்றி, குடிக்க ஆரம்பித்தார்கள்.

“இது எந்தா?” என்று கேட்டார் ஆடிட்டர்.

“கரெக்டிவ் ஆக்‌ஷன் சாரே” என்று செல்வி அக்கா பணிவாகச் சொன்னார். “டெம்பரேச்சர் கொறஞ்சா கழிக்கணும்னு டீச்சர் சொல்லித் தந்துருக்காங்க. துளி மிச்சம் வைக்க மாட்டோம்.”

ஆடிட்டர் ஃபாரங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். “எல்லா திவசமும் நாலு மணிக்கா?”

“கடல் காற்று சார்” என்றேன்.

“காத்து இல்ல சாரே” என்றார் செல்வி அக்கா, வெட்கப்பட்டுக்கொண்டு. “ஸ்டீம் வால்வைக் கொஞ்சூண்டு திருகி வைப்போம். அந்த நேரத்துக்கு நல்லாப் பசிக்கும்லா.”

ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உங்க ஆளுங்க திட்டத்தை அப்படியே பின்பற்றுறாங்க. திட்டம்தான் சரியில்ல” என்றார். சர்டிபிகேட் இல்லை, ஒரு மாதம் கழித்து மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். மேனேஜர் என்னைப் பார்க்காமலே, ப்ரொபேஷன் இன்னும் ஒரு மாதம் என்றார். பேக்கிங் ரூமில் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன். அவமானம் தாங்கவில்லை.

செல்வி அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். “களையணும்னு சொல்லிருந்தா களைஞ்சிருப்போமே டீச்சரே. அது ரெண்டு பாஷையிலயும் ஒண்ணுதானே.”

அந்த ஒரு சொல்லை மாற்றினேன். இந்த முறை பேசிவிட்டு விடாமல், ஒவ்வொருவரையும் செய்து காட்டச் சொல்லி, கண்ணை அகலத் திறந்து பார்த்தேன். மறு ஆடிட்டில் பாஸ், வேலையும் நிலைத்தது. நாலு மணிக்கு எட்டுப் பேருக்கும் டீயும் பழம்பொரியும் கொடுக்க வேண்டும் என்று மேனேஜரிடம் சண்டை போட்டு வாங்கினேன். வால்வை அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை.

அப்பா இந்தக் கதையை என் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்கெல்லாம் சொல்லிவிட்டார். இப்போது ஃபிரிட்ஜிலிருந்து பழைய கூட்டை எடுத்து “இதைக் கழிச்சுடலாமா?” என்று நான் கேட்டால், என் கணவர் தட்டோடு வந்து நிற்பார். எங்கள் வீட்டில் யாரும் பசிக்கிறது என்று சொல்வதே இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும் என் பெண் பையை வீசிவிட்டு நேரே சமையலறைக்குள் வந்து சொல்கிறாள், “அம்மா, கடல் காத்து அடிக்கறது.”