கோலுக்கு வெளியே ஒரு கோல்கீப்பர்

கோல்கீப்பர் கல்மெட் பெனால்ட்டி கட்டத்துக்கு வெளியே நின்று பந்தைத் தடுத்துக்கொண்டிருந்தான். உள்ளே கால் வைக்க முடியாது. கோல் வாசலில் நமேலே என்ற மரத்தின் ஓலை நட்டிருந்தது. அது ஊர்த் தலைவர் மட்டுமே நடக்கூடிய ஓலை. நட்டுவிட்டால் அந்த இடத்தை எவனும் மிதிக்கக்கூடாது.

திருட்டுத்தனமாக நட்டவன் கல்மெட்தான். மைதானத்தைப் பார்த்துக்கொள்பவனும் அவனே. இறுதி ஆட்டத்துக்காக வளர்த்த புதுப் புல்லை யாரும் மிதிக்காமல் இருக்கட்டுமென்று புதன்கிழமை நட்டான். சனிக்கிழமை காலையில் பிடுங்கிவிடலாம் என்று வந்தால், அதற்குள் ஊரே பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. வியாழக்கிழமை பேய்மழையில் கொடிக்கம்பமே சாய்ந்துபோனது. இந்தச் சனியன் பிடித்த ஓலை மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது.

பதினோரு வருடமாகக் கோப்பை இந்த ஊர்ப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இந்த முறை கட்டாயம் வருமென்று நம்பி, விருந்துக்குப் பன்றி தேடித் தலைவர் ஒரு வாரமாக அலைந்தார். கிடைத்தபாடில்லை.

"ஆட்டத்தத் தள்ளி வைங்க சார்," என்று கல்மெட் நடுவரிடம் கெஞ்சினான்.

"மனுஷன்தான் உள்ள போகக்கூடாது. பந்து போலாம்," என்றார் நடுவர்.

சொன்னதுதான் தாமதம், எதிரணியான டன்னாவின் யோலு தூரத்திலிருந்தே உதைத்தான். பந்து வெறும் கோலுக்குள் உருண்டது.

"என்ன மச்சான், வீட்டத் தொறந்து போட்டுட்டு வாசல்ல காவல் நிக்கிற?" என்று சிரித்தான் யோலு.

பந்தை எடுக்கவும் உள்ளே போக முடியாது. இரண்டாவது பந்து வந்தது. அதுவும் வலைக்குள் போனது. கல்மெட் நீள மூங்கிலை நீட்டி ஒன்றையாவது இழுக்கப் பார்த்தான். அவன் குனிந்திருந்த நேரத்தில் மூன்றாவதும் தலைக்கு மேலே பறந்து வலைக்குள் விழுந்தது. ஊரில் இருந்ததே மூன்று பந்துகள்.

ஆட்டம் நின்றது. தலைவர் மெதுவாக நடந்து வந்தார்.

"நட்டவன் ஒரு பன்னியக் குடுத்துட்டு ஓலையப் பிடுங்கட்டும். யாருன்னுதான் தெரியல," என்று வானத்தைப் பார்த்தார்.

கல்மெட்டிடம் இருந்ததே ஒரு பன்றி. இரண்டு வருடமாக ஊட்டி வளர்த்தது. அவன் பாய்களில் வாடிக் கிடந்த முகங்களைப் பார்த்தான். நெஞ்சு பொறுக்கவில்லை.

"நான்தான் நட்டேன் தலைவரே."

தலைவர் கோபப்படவே இல்லை. "சரி, பிடுங்கு. நேரமாகுது," என்றார்.

அதன்பிறகு கல்மெட்டைத் தாண்டி ஈ கூடப் போகவில்லை. அவன் ஆட்கள் நான்கு கோல் போட்டார்கள்.

சாயங்காலம் சூடான கற்களுக்கு நடுவிலிருந்து பன்றி வெந்து வந்தது. போனது போகட்டும், கோப்பை வந்ததே என்று கல்மெட் நிறைந்த மனதோடு விரலை நக்கிக்கொண்டிருந்தான். தலைவரின் மனைவி லெய்சாலே இன்னொரு துண்டை அவன் இலையில் வைத்தாள்.

"நல்லா சாப்புடுப்பா. நீ நட்ட ஓலை வியாழக்கிழமை மழையிலயே அடிச்சிக்கிட்டுப் போயிருச்சு. நீ நட்டதப் பாத்திருந்த எங்க வீட்டுக்காரருதான், விருந்துக்குப் பன்னி கெடைச்சிரும்னு அதே எடத்துல வேற ஒண்ணு நட்டாரு."