நான்காம் வசனம் யாருக்கு?

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதை என் அறுபத்திரண்டு வயது வரை மறைத்தவன் நான். எட்டாம் வகுப்பு மதிப்பெண் அட்டையில் அவள் வைத்த கைநாட்டை விரலால் மூடிக்கொண்டு நீட்டியதில் தொடங்கியது அது. பிறகு யார் கேட்டாலும், "அம்மா முப்பத்தொரு வருஷம் ஸ்கூல்ல வேலை பாத்தவங்க" என்பேன். ஆயாவாக என்பதை மட்டும் விட்டுவிடுவேன். (ஒரு சொல்தானே!)

தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் அடுக்ககத்துக்குக் குடிபோனதும் பதினான்கு வீட்டாரும் அவளை 'டீச்சரம்மா' என்றார்கள்.

"இன்னாடா, என்னப் போயி டீச்சர்ங்கிறாங்க?"

"தண்ணி லாரி வந்துடுச்சும்மா" என்று கீழே ஓடினேன்.

ஒரு ஞாயிறு எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். நடத்தியவர் மாடிவீட்டு ஜெபராஜ். பைபிளில் ஒரு சங்கீதத்தைச் சொல்லி, "எட்டு வசனம், எட்டுப் பேர். ஆளுக்கொண்ணு வாசிப்போம்" என்றார்.

அம்மா எப்படி வாசிப்பாள்? நல்லவேளை, அம்மாவுக்கு அது மனப்பாடம். அவளுக்கு முன்னால் மூன்று பேர். ஆக நான்காம் வசனம். அதன் முதல் சொல்லை அவள் காதில் போட்டேன். "புக்கைப் பாத்துக்கிட்டே சொல்லும்மா."

"எதுக்குடா?"

"சொல்லேன்!"

மூன்று பேர் வாசித்தார்கள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாசித்தேன். பாதியில்தான் உறைத்தது: நான் என்னை எண்ணவில்லை. அம்மாவின் வசனம் என் வாயில் இருந்தது.

அடுத்து அம்மா. கண்ணாடியைச் சரிசெய்து, வரியில் விரல் ஓட்டி, அதே நான்காம் வசனத்தைத் தடையின்றிச் சொன்னாள்.

"டீச்சரம்மா, அது ஆயிடுச்சே..." என்றார் ஜெபராஜ்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். (மூன்று இறக்கை.) அவள் புத்தகத்தை மூடினாள்.

"தம்பி, எனக்கு எழுத்து தெரியாது. ஸ்கூல்ல ஆயாவா இருந்தேன். நாலாவது எனக்குன்னு இவந்தான் சொன்னான். நாலு பேரை எண்ணத் தெரியல, இவனைப் போயி பி.எஸ்சி. கணக்கு படிக்க வெச்சேன்!"

வீடே அதிரச் சிரிப்பு. அது அடங்குவதற்குள் அம்மா ஐந்திலிருந்து எட்டுவரை தானே சொல்லி முடித்துவிட்டாள். அன்று நான் இரண்டு டம்ளர் காபி குடித்தேன். அத்தனை வருடத்தில் அம்மா பக்கத்தில் இருக்க, நாலு பேர் நடுவே பயமில்லாமல் குடித்த காபி அதுதான்.

இப்போது லிப்டில் ஆறு பேருக்கு மேல் ஏறிவிட்டார்களோ என்று நான் தலைகளை எண்ணத் தொடங்கினால் யாராவது கேட்கிறார்கள்:

"சார், உங்களைச் சேர்த்தா, சேர்க்காமலா?"

முதலில் சிரிப்பது அம்மாதான்.